உப்பு ராணிக்கு ஒரு பழி பாக்கி

மகனே,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. வெளியூரில் இருந்துகொண்டே டாக்ஸி பேசி நாடகத்துக்கு ஆள் சேர்க்கிற அளவுக்கு நலமாகத்தான் இருக்கிறாய் என்று உன் கடிதமே சொல்லிவிட்டது. அது நேற்று மத்தியானம் வந்தபோது நான் மடியில் கனகாம்பரத்தைக் கொட்டித் தொடுத்துக்கொண்டிருந்தேன். கை ஒழியவில்லை. அதனால் உன் பெண்டாட்டி வசந்தாவைத்தான் வாசிக்கச் சொன்னேன். அவளும் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். திண்டுக்கல்லில் பெரிய நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருக்கிறது, வளையல்காரன் நாடகம் திரும்ப வந்திருக்கிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு அம்மா, அப்பா, அத்தை, மாமா, நான் என்று ஐந்து பேருக்கு டாக்ஸியில் இடம். அடுத்த வரியையும் அதே குரலில் வாசித்தாள். "வசந்தா வீட்டிலிருந்து எருமையைக் கறந்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். புதிதாக வந்தவள்தானே, அடுத்த தடவை கூட்டிப்போகலாம் என்று அத்தை சொன்னார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பழசையெல்லாம் மறந்துவிட்டு அத்தையோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள் அம்மா."

வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்து என் பக்கத்தில் வைத்தாள். "பரவாயில்லத்தே, நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. கதையை மட்டும் வந்து எனக்குச் சொல்லுங்க" என்றாள். என் கையிலிருந்த நார் அறுந்துபோயிற்று. அந்தப் பரவாயில்லை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், ராசா. கதையை வந்து சொல்லுங்க என்ற வார்த்தையையும் தெரியும். இதே வீட்டில், இதே வாசலில் நின்று, உன் அத்தையிடம் நான் சொன்ன வார்த்தை அது. பழசை மறக்கச் சொல்லி எழுதியிருக்கிறாயே, எதை மறக்க வேண்டுமென்று முதலில் தெரிந்துகொள். சின்ன வயசில் ஒருநாள் தெருவில் விளையாடிவிட்டு வந்து, "என்னை ஏம்மா எல்லாரும் உப்பு ராணி மகன்னு கூப்பிடுறாங்க?" என்று கேட்டாய். உன் அப்பாவைக் கேள் என்று சொல்லிவிட்டேன். அவர் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது மாமனார் மாமியார் இல்லை. அந்த இடத்தில் உன் அத்தைதான் இருந்தாள். உன் அப்பாவுக்கு அக்கா. கட்டிக்கொடுத்தது இதே ஊரில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். தாலியில் உன் அப்பா போட்ட முடிச்சுக்கு அடுத்த முடிச்சுகளை இறுக்கிப் போட்டது அவள் கைதான். அந்தக் கை எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசமும் வைத்துக் கொண்டுவந்தது. அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, நியாயம் பேசவும் வராதே. ரசத்தின் நன்றி எனக்குத் தனியாக இருக்கிறது. இது வேறு விஷயம்.

அந்த வருஷம் கம்பெனி நாடகம் வந்தது. தப்பு அடித்துக்கொண்டு நோட்டீஸ் வண்டி நம் ஊர்வரை வந்தது. உப்பு விற்ற ராணி என்று நாடகத்துக்குப் பெயர். சக்களத்தி சூழ்ச்சியால் அரண்மனையைவிட்டுத் துரத்தப்பட்ட ராணி, கைக்குழந்தையைப் பறிகொடுத்துவிட்டுத் தெருத்தெருவாக உப்பு விற்கிறாள், அப்புறம் என்ன ஆயிற்று, நேரில் வந்து காண்க என்று போட்டிருந்தார்கள். எனக்கு நாடகம் என்றால் உயிர். பிறந்த வீடு பாலசமுத்திரம், பழனிக்குப் பக்கம். கம்பெனி பழனிக்கு வந்தால் என் அப்பா வண்டி பூட்டி எங்களை ஏற்றிக்கொண்டு போகாமல் இருந்ததே இல்லை. இங்கேயும் அப்படித்தான் போவோம் என்று நினைத்து, பெட்டியின் அடியிலிருந்த நீலச் சேலையை எடுத்து வெயிலில் போட்டேன். உன் அத்தை வந்தாள், கொடியில் கிடந்த சேலையைப் பார்த்தாள். "இதெதுக்குத்தா காயப்போட்டிருக்க? எல்லாரும் போயிட்டா எருமையை ஆரு கறக்கிறது? களத்துல மொளகா கெடக்கு, அதை ஆரு அள்ளுறது? நீ புதுசு. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள். பரவாயில்லை மதினி, கதையை வந்து சொல்லுங்க என்றேன். வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்வரை சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தார்கள். உன் அப்பாவிடம் நாடகம் எப்படி என்று கேட்டால் நல்லாருந்துச்சு என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது, இன்றைக்கும் அப்படித்தான். அத்தை மட்டும் உட்கார்ந்து, கால் நீட்டி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள். "ஆத்துல வெள்ளம் போகுது. ராணி தலையில உப்புக்கூடை. அக்கரையில புள்ளை நிக்கிது. பாட்டுப் பாடிக்கிட்டே எறங்குனா. நடுவாத்துல கால் வழுக்கிருச்சு. உப்பும் கரைஞ்சு போச்சு, ராணியும் போயிட்டா. அம்புட்டுத்தான், படுதா விழுந்துருச்சு."

"புள்ளை என்ன மதினி ஆச்சு?"

"என்ன ஆகும்? கரையில நின்னு அழுதுச்சு."

நானும் அழுதேன். குழம்புக்கு உப்பு அள்ளும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கியது. கூடைக்குள்ளே கரைகிற உப்பையும், அதோடு முழுகுகிற ராணியையும் நானே மனதுக்குள் ஆயிரம் விதமாகப் பார்த்தேன். அடுத்த வாரம் மேலத்தெருவில் ஒரு சடங்கு வீடு. பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து நாடகப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தார்கள். புதுப்பெண் நான், அதுவரை வாயே திறந்ததில்லை. எனக்கும் கதை தெரியும் என்ற சந்தோஷத்தில், "பாவம், அந்த ராணி உப்போட சேந்து கரைஞ்சு போனாளே" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள் பார், பந்தலே ஆடிப்போயிற்று. முதலில் சிரித்தவளும் கடைசியில் நிறுத்தியவளும் உன் அத்தைதான். "நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்டி! அதைப் போயி நம்பிட்டா! உப்பு ராணி!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் உன் காதுவரை வந்தது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். அன்றைக்குக் குழம்பில் நான் உப்பே போடவில்லை. ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பக் காணமே" என்றார். "கரைஞ்சு போச்சு" என்றேன். அதை அப்படியே சாப்பிட்டு எழுந்தார்.

பொய் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை, மகனே. நாடகத்துக்குப் போக முடியாதவளுக்கு மிச்சம் இருப்பது போனவர்கள் சொல்லும் கதை ஒன்றுதான். அதிலும் கைவைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதற்கு ஒருநாள் பதில் சொல்லாமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நீ வயிற்றில் இருந்தபோது பிரசவத்துக்குப் பாலசமுத்திரம் போனேன். திண்டுக்கல்லை முடித்துக்கொண்டு அதே கம்பெனி பழனிக்கு வந்திருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியை வண்டியில் ஏற்றுவதா என்று அம்மா தயங்கினாள். "போச்சாது போ, ஒண்ணும் ஆகாது, அவ ஆசைப்படறா. நான் வண்டியைப் பைய ஓட்டறேன்" என்றார் என் அப்பா. வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டு, அம்மாவும் தங்கையும் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். வழியில் புளிச்சோறும் துவையலும் சாப்பிட்டோம். கொட்டகையில் ஆர்மோனியக்காரர் முதல் கட்டையை அழுத்தியதுமே என் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் தட்டி. படுதா ஏறியது. அரண்மனை, காடு, சந்தை என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு படுதா. ஆறு வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறே வரவில்லை. கடைசியில் ராணி உப்புக்கூடையோடு அரண்மனை வாசலுக்கு வருகிறாள். குழந்தையாக இருந்தபோது மகனுக்குப் பாடிய தாலாட்டு மெட்டிலேயே உப்பு விற்றுப் பாடுகிறாள். உள்ளே ராஜாவாக உட்கார்ந்திருக்கிற மகன் கிரீடத்தோடு எழுந்து ஓடி வருகிறான்.

கரையவில்லை, மகனே. அவள் கரையவே இல்லை. பாட்டு முடிந்ததும் ஆண்கள் பக்கம் ஒன்ஸ்மோர் என்று சத்தம் எழும்பி அடங்கிவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒன்ஸ்மோர் கேட்கிற வழக்கம் அப்போது கிடையாது. நான் எழுந்து நின்று கத்தினேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன். அந்த நடிகை தட்டிக்கு இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். கூடையை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு முதல் அடியிலிருந்து பாடினாள். பாட்டு முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. மதினி, நீ ஒருதரம் கேட்டாய், நான் இரண்டுதரம் கேட்டேன். வண்டிக்குத் திரும்பும்போது அப்பா கேட்டார். "பொம்பளைங்க பக்கம் கத்துனது உன்ற சத்தந்தானே கண்ணு? தெரிஞ்சுதான் நானும் சேந்து கத்துனேன்." என் அப்பா போன பிறகு அவரைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தப் பேச்சுதான்.

அதற்கப்புறம் உன்னையும் மாட்டையும் பூவையும் பார்ப்பதிலேயே வருஷங்கள் போயின. கம்பெனி வரும், வண்டி போகும், நான் நிற்பேன். உன் அத்தை திரும்பி வந்து, "கதை சொல்லட்டுமா உப்பு ராணி?" என்று கேட்டுச் சிரிப்பாள். வேண்டாம் மதினி என்பேன். நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட ஆரம்பித்திருந்தார்கள், அப்போதுதான் வளையல்காரன் நாடகம் வந்தது. அரண்மனைக்குள் வளையல் விற்க வருகிறவன் யார்? கள்வனா? காவலனா? நேரில் வந்து காண்க என்று நோட்டீஸ். அத்தை அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள். கம்பெனிக்கு அதுதான் கடைசி ஞாயிறு. மல்லிகைப் பருவம், பூப்பறிப்பு வேலை இருந்ததால் ஊரில் வேறு பெண்கள் யாரும் புறப்படவில்லை.

காலையில் வண்டி பூட்டியாயிற்று. மாமா முன்னாடியே ஏறி உட்கார்ந்துவிட்டார். அத்தை அவள் வீட்டுக்குள்ளே கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் நீலச் சேலையைக் கட்டினேன். உனக்குச் சட்டை மாட்டி வண்டியில் தூக்கி வைத்தேன். பிறகு தொழுவத்துக்குப் போய் எருமையையும் கன்றையும் அவிழ்த்துக்கொண்டுபோய் அத்தை வீட்டு வாசல் வேம்பில் கட்டினேன். தலை நிறையப் பூவோடு அவள் வெளியே வந்தாள்.

"ஏ, என்னடி இது?"

"இன்னிக்கு நீங்க பாத்துக்கங்க மதினி. நான் போயிட்டு வாரேன். கதையை வந்து சொல்றேன்."

அவள் தம்பியைப் பார்த்தாள். "ஏலே, இவளைக் கேளுடா! என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற?"

உன் அப்பா எருமையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பூட்டியாச்சுக்கா, மாடு நிக்காது" என்று சொல்லிவிட்டு, நான் ஏறியதும் வண்டியை விரட்டினார். சடங்கு வீட்டுக் கதைக்குச் சிரித்ததற்காக அவர்மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் போயிற்று.

அன்றைக்கு நாடகம் பார்த்ததைப்போல நான் வாழ்க்கையில் எதையும் பார்த்ததில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டதுமே நீ எழுந்து நின்று கூத்தாடினாய். கொட்டகை வாசலில் உன் அப்பா உனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார், எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து கூச்சத்தோடு நீட்டினார். நீ என் மடியில் படுத்துப் பாதி நாடகம் தூங்கினாய். வளையல்காரன் பாட வந்தபோது மட்டும் எழுந்து கைதட்டினாய். திரும்பி வரும்போது, நல்லாருந்துச்சு என்பதைத் தவிர வேறு பேசாத உன் அப்பா, வண்டி ஓட்டிக்கொண்டே அந்த வளையல் பாட்டை முணுமுணுத்தார். "ரெண்டாவது அடி என்ன புள்ள?" என்றார். நான் சொன்னேன். மூன்றாவது அடி மாமாவுக்கு ஞாபகம் இருந்தது. வீடு வருவதற்குள் பாட்டு முழுசாகச் சேர்ந்துவிட்டது. உன் பெண்டாட்டியை நாடகத்துக்குக் கூட்டிப்போனால், போனதோடு விடாதே. வரும் வழியில் இரண்டாவது அடி என்ன என்று அவளைக் கேள். அதற்காகத்தான் அத்தனை தூரம் போய் வருவது.

எருமையை ஓட்டிவர அத்தை வீட்டுக்குப் போனேன். காலையில் வைத்த பூ வாடிப்போய் அப்படியே தலையில் இருந்தது. கன்றை அவிழ்த்து என் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"கதை எப்படித்தா?"

"நல்லாருந்துச்சு மதினி."

"அது கெடக்கட்டும். வளையக்காரன் ஆரு? கள்ளனா, ராசாவா?"

"அதான் சொல்றேன்ல மதினி. நல்லாருந்துச்சு."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். மாமாவைக் கேட்டாளாம், கடைசியில எல்லாரும் சேந்து பாடுனாங்க என்றாராம். தம்பியைக் கேட்டாள், அவரிடம் வழக்கமான ஒரு வார்த்தைதான். உன்னைக்கூட மடியில் வைத்து, முறுக்குக் கொடுத்துக் கேட்டாள். நீ தூங்கிவிட்டேன் என்று சொன்னாய். அன்றிலிருந்து இன்றுவரை வளையல்காரன் யார் என்று உன் அத்தைக்குத் தெரியாது. அந்தக் கம்பெனி அதற்கப்புறம் அந்த நாடகத்தை இந்தப் பக்கம் கொண்டுவரவே இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு வந்தால், பேச்சோடு பேச்சாக, ஆமா, அந்த வளையக்காரன், என்று ஆரம்பிப்பாள். நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. உப்பு ராணி என்று அவள் கூப்பிடுவதும் அன்றோடு நின்றது.

இப்போது நாடகம் திரும்ப வந்திருக்கிறது, அவள் பார்த்துவிடப் போகிறாள். அதற்காகத்தான் உன்னைப் பிடித்து டாக்ஸி பேச வைத்திருக்கிறாள். பேசட்டும், பார்க்கட்டும், அதுகூடப் போகிறது என்று விட்டிருப்பேன். ஆனால் எருமைக்குக் காவலாக வசந்தாவை நிறுத்தச் சொன்னாளே, அதற்கு நீயும் தலையாட்டினாயே. எனக்கு நடந்ததை உன் பெண்டாட்டிக்கும் நடத்திவிட்டு, கொட்டகையில் என்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துப் பழசை மறக்கச் சொல்கிறாயே. உன்மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு உன் அத்தைமேல் இருக்கிற கோபம் கால்தூசி பெறாது.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன், உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். பூட்டியாச்சு, மாடு நிக்காது என்று அவரே சொல்லிச் சிரித்தார். டாக்ஸியில் ஐந்து பேர்தான். அம்மா, அப்பா, மாமா, அத்தை, வசந்தா. அவளுடைய பச்சைச் சேலை இன்றைக்குக் கொடியில் காய்கிறது, நான்தான் எடுத்துப் போட்டேன். கொட்டகையில் என் வலப்பக்கம் வசந்தா உட்காருவாள். அவளுக்குக் கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன, யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். இடப்பக்கம் உன் அத்தை. அவளுக்கு இப்போது காது மந்தம், உனக்கே தெரியும். கத்திச் சொன்னால்தான் கேட்கிறது. நாடகம் முழுக்கப் பாட்டு. வளையல்காரன் யார் என்று சொல்வதும் பாட்டில்தான். என்னத்தா பாடுறான், என்னத்தா பாடுறான் என்று அவள் என்னைத்தான் கேட்க வேண்டும். என்ன சொல்வது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த நாடகத்தில் ஆறு கிடையாது. ஆனால் நினைத்தால் ஒன்றைக் கொண்டுவந்துவிடலாம்.

நீ சனிக்கிழமையே வந்துவிடு. எருமை சாயங்காலம் புண்ணாக்கு வைத்தால்தான் நிற்கும், இல்லாவிட்டால் உதைக்கும். கன்றை முதலில் விட்டு, அப்புறம் இழுத்துக் கட்டிவிட்டுக் கற. களத்தில் மிளகாய் காய்கிறது, வெயில் தாழ்வதற்குள் அள்ளிவிடு. பட்டினி கிடக்க வேண்டாம், சோறும் வெஞ்சனமும் மூடி வைத்துவிட்டுப் போகிறேன். நீ புதிதாகக் கல்யாணம் ஆனவன்தானே, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

கதையை வந்து நான் சொல்கிறேன். சரியாகச் சொல்வேனா என்று மட்டும் கேட்காதே.

உன் அம்மா,
உப்பு ராணி